டிக் விழாத மூடி: வெப் தொலைநோக்கி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் லேபில் இருக்கும் வெப்பக் கேமரா, வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவ்வப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும். திரையில் படம் அரை நொடி அப்படியே நிற்கும், மறுபடி ஓடும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், “அண்ணே, கேமரா போயிருச்சு போல” என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது போகவில்லை. ஓட ஓடக் கேமராவின் உடம்பும் சூடாகிறது. அந்தச் சூடும் படத்தில் கலக்கிறது. அதனால் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னத் தகடு வந்து விழுந்து, வெளியே இருப்பதை ஒரு கணம் மறைக்கும். அந்த நேரத்தில் கேமரா தன் சூட்டால் வரும் கோளாறை அளந்து கழித்துக்கொள்ளும். அந்தத் தகட்டின் சத்தம்தான் டிக்.

“கழிக்க முடியாத அளவுக்கு மங்கலான ஒன்றைப் பார்க்கணும்னா என்ன செய்வே?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “கேமராவையே குளிர வைக்கணும்ணே.”

சரி, அவ்வளவுதான். சூடான பொருள்கள் உமிழும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கியின் வடிவமைப்பில் முக்கால்வாசி அந்தப் பதிலுக்குள் அடங்கிவிடும்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுப் பொருள்களை ஆட்டியும், சூடேற்றியும், உறைய வைத்தும், எங்கே உடைகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. மாதம் ஒரு முறை, வேறு எங்கோ நடந்த ஒரு தவற்றை எடுத்து வைத்துப் பேசுவது எங்கள் லேபின் வழக்கம். என் முறை வந்தபோது நான் எடுத்தது, 2018-ல் நாசாவின் ஜேம்ஸ் வெப் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியில் கழன்று விழுந்த ஸ்க்ரூக்களை. கூட்டத்தில் ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னதை, அப்புறம் ரொட்டி சானாய்க் கடையில் தமிழில் இன்னொரு முறை சொல்ல வேண்டி வந்தது. இரண்டாவது முறை சொன்னதுதான் நன்றாக இருந்தது. அதையே எழுதி வைக்கிறேன்.

நடந்தது

2018 தொடக்கத்தில் வெப் இரண்டு பாதிகளாக இருந்தது. கண்ணாடிகளும் கருவிகளும் ஒரு பாதி. விண்கலத்தின் உடலும் சூரியக் குடையும் மறு பாதி. இந்த இரண்டாவது பாதி கலிஃபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில், முதன்மை ஒப்பந்த நிறுவனமான நார்த்ராப் குரும்மனின் தொழிற்கூடத்தில் இருந்தது. அங்கே அதற்கு ஒலிச் சோதனை நடந்தது. ராக்கெட் கிளம்பும்போது எழும் பேரிரைச்சலைப் போலவே ஓர் அறைக்குள் உண்டாக்கி, அதைக் கலத்தின் மேல் விடுவார்கள். பொருளை வைத்து அதிர வைக்கும் ஷேக்கர் மேடையில் நாங்கள் செய்வதற்கு இது அண்ணன் முறை.

சோதனை முடிந்து பார்த்தபோது ஸ்க்ரூக்களும் வாஷர்களும் கழன்று விழுந்திருந்தன. மடித்து வைத்த சூரியக் குடைக்கு மேலே போர்த்தியிருந்த மூடியிலிருந்து வந்தவை அவை. மே மாதத்தில் விஷயம் வெளியே தெரிந்தது.

அப்போது டாம் யங் தலைமையில் ஒரு தனி ஆய்வுக் குழு இந்தத் திட்டத்தை ஏற்கெனவே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ விவகாரத்தோடு இன்னும் இரண்டும் அவர்கள் கணக்கில் சேர்ந்தன. உந்துவிசை வால்வுகளைத் தவறான கரைப்பான் கொண்டு கழுவியிருந்தார்கள். வயர் இணைப்பில் நேர்ந்த பிழையால் அழுத்தமானிகளுக்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தம் போயிருந்தது. இந்தத் தவறுகளுக்கு மட்டும் குழு போட்ட விலை சுமார் 60 கோடி டாலர், ஒன்றரை ஆண்டுத் தாமதம். அந்த ஜூனில் நாசா ஏவுதலை 2021 மார்ச்சுக்குத் தள்ளியது. மொத்தச் செலவு 966 கோடி டாலர் என்று திருத்தி அறிவித்தது.

கடையில் இதைச் சொன்னதும் தம்பி கேட்ட முதல் கேள்வி: “ஒரு மூடியில இருந்த ஸ்க்ரூவுக்கா இவ்வளவு?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டுமானால் அந்த மூடி எதை மூடியிருந்தது என்று சொல்ல வேண்டும். குடை எதற்கு என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், சூட்டைக் கண்டு அந்தத் தொலைநோக்கி ஏன் இப்படிப் பயப்படுகிறது என்று சொல்ல வேண்டும்.

கறுப்புப் பிளாஸ்டிக் பை

குப்பைக்கு வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கை தெரியாது. வெப்பக் கேமராவுக்குத் தெரியும். ஐந்து விரலும் பளிச்சென்று தெரியும், பை இருப்பதே தெரியாது. அதே கேமராவை மூக்குக் கண்ணாடி போட்ட முகத்தின் பக்கம் திருப்பினால், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருட்டுக் குழி. எதன் வழியே பார்க்கலாம், எதன் வழியே பார்க்க முடியாது என்பதை ஒளியின் அலைநீளம் முடிவு செய்கிறது. வானத்தில் நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்கள் தூசு மேகங்களால் மூடிக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் மாட்டிக்கொள்கிறது. அகச்சிவப்பு பெருமளவு வெளியே வந்துவிடுகிறது. பைக்குள் இருக்கும் கை மாதிரி.

இன்னொரு காரணம் பிரபஞ்சம் விரிவது. வெகு தொலைவிலிருந்து வரும் ஒளி, வரும் வழியிலேயே நீண்டுபோகிறது. 2024-ல் அறிவிக்கப்பட்ட ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்குள் கிளம்பியது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டிருக்கிறது. ஹைட்ரஜன் உமிழும் 0.12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) புற ஊதா ஒளி, நம்மிடம் வந்து சேரும்போது 1.8 மைக்ரான் அகச்சிவப்பு. முதல் தலைமுறை நட்சத்திரக் கூட்டங்களைத் தேட வேண்டுமானால் இந்தப் பக்கம்தான் பார்த்தாக வேண்டும். வேற்றுக் கோள்களின் காற்றில் என்ன வாயு இருக்கிறது என்பதற்கான தடங்களும் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. வாஸ்ப்-39பி என்ற கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதை 2022-ல் வெப் இப்படித்தான் காட்டியது.

இதையெல்லாம் தரையிலிருந்தே பார்க்கலாமே என்றால், காற்றில் இருக்கும் நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. மிச்சத்தைக் காற்றின் சொந்த வெப்பம் கெடுக்கிறது. பினாங்கில் துணி காய்வதற்கு எத்தனை நாளாகிறது என்று தெரிந்தவர்களுக்கு நீராவியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தொலைநோக்கியும் ஒரு விளக்குதான்

மேலே போய்விட்டால் மட்டும் போதாது. நம் அறை வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும், மேசையும் நாற்காலியும்கூட, 10 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. வெப் பார்க்கும் வீச்சு சுமார் 0.6 முதல் 28 மைக்ரான் வரை. அதாவது, வெதுவெதுப்பான தொலைநோக்கி தன் முகத்திலேயே டார்ச் அடித்துக்கொண்டு மின்மினியைத் தேடுவதற்குச் சமம்.

முன்னால் பறந்தவை இதற்குக் கண்ட வழி, ஐஸ் பெட்டி. 1983-ல் முதல் தடவையாக வானம் முழுவதையும் விண்வெளியிலிருந்து அகச்சிவப்பில் அளந்த ஐராஸ், திரவ ஹீலியத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது. ஹீலியம் தீர்ந்ததும் பத்தே மாதத்தில் அதன் கதை முடிந்தது. 2003-ல் போன ஸ்பிட்சருக்கு 2009 மே வரை ஹீலியம் வந்தது. அதற்குப் பிறகு 2020 ஜனவரி வரை பாதிக் கண்ணோடுதான் ஓட்டியது. மூன்றரை மீட்டர் கண்ணாடி கொண்ட ஹெர்ஷலுக்கு நான்கே ஆண்டு. சந்தையில் மீன் விற்பவருக்கு ஐஸ் கரைந்தால் வியாபாரம் முடிந்த மாதிரி.

வெப் வேறு வழி பிடித்தது. ஐஸ் வேண்டாம், நிழலில் நில்.

பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனுக்கு எதிர்ப்புறத்தில், பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர முடிகிற இரண்டாம் லக்ராஞ்சுப் புள்ளி என்ற இடத்தைச் சுற்றி வருகிறது அது. அங்கிருந்து பார்த்தால் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே பக்கம். சூடு தரும் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் ஒரே குடை போதும். சுமார் 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள குடை. அதில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 200 கிலோவாட். நூறு மின்கெட்டில்கள் ஒரே நேரத்தில் கொதிக்கும் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் கசிவது ஒரு வாட்டுக்கும் குறைவு.

எப்படி? இங்கேதான் எனக்கு இந்தத் தொலைநோக்கியின் மேல் ஆசை வந்தது. குடை ஒன்றல்ல, ஐந்து அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் அலுமினியம் பூசிய கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலம். முதல் அடுக்கின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், மற்ற நான்கும் 0.025. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி உண்டு, அந்த இடைவெளி ஓரத்தை நோக்கி அகன்றுகொண்டே போகும். எங்கள் பழைய வீட்டு ஜிங்க் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே மதியத்தில் சூடு தேங்கி நிற்கும். பக்கவாட்டில் காற்றோட்டத் துளை வைத்தால் வெளியேறிவிடும். விண்வெளியில் காற்று இல்லை, ஆனால் வேலை அதேதான். ஓர் அடுக்கைத் தாண்டிய வெப்பம் இரண்டு பளபளப்பான படலங்களுக்கு நடுவே மோதி மோதி, பக்கவாட்டில் இருட்டு வானத்துக்குள் ஓடிவிடுகிறது. சூரியன் பக்கம் சுமார் 85 டிகிரி செல்சியஸ், நிழல் பக்கம் மைனஸ் 233. இடையில் இருப்பது ஐந்து மெல்லிய தாள்.

இந்தக் குளிரில் மூன்று கருவிகள் வேறு உதவி இல்லாமலே ஓடும். நான்காவதான மிரி மட்டும் கொஞ்சம் செல்லப்பிள்ளை. அதன் சென்சார் ஆர்செனிக் கலந்த சிலிக்கான். சில்லுத் தொழிலில் இருக்கும் நமக்கு இரண்டுமே தெரிந்த பெயர்கள்தான். அது 7 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருந்தால்தான் ஒழுங்காகப் பார்க்கும். அதற்கென்று ஹீலிய வாயு சுற்றிவரும் ஒரு குளிர்விப்பி. சுற்றுவதே தவிரத் தீர்வதில்லை.

கண்ணாடியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கிவிடுகிறேன். 6.5 மீட்டர், அறுகோணத் துண்டுகள் 18, பெரிலியத்தில் செய்தவை. மேலே பூசிய தங்கம் எல்லாம் சேர்த்து சுமார் 48 கிராம். ஆறு பவுன். லிட்டில் இந்தியாவில் கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் ஒரே நடையில் வாங்கிவிடுவார். தங்கம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதற்காகத்தான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. குளிரில் உலோகம் வடிவம் மாறும் என்பதால், துண்டுகளை உறைகுளிரில் வைத்து அளந்து, அந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டு மெருகேற்றினார்கள். அறை வெப்பத்தில் அவை வேண்டுமென்றே பிழையான வடிவத்தில் இருந்தன. குளிர்ந்தால்தான் சரியாகும்.

2017-ல் ஹூஸ்டனில் ஒரு பெரிய வெற்றிட அறையில் சுமார் 100 நாள் கண்ணாடிகளையும் கருவிகளையும் குளிர வைத்துச் சோதித்தார்கள். நடுவே ஹார்வி புயல் வந்து ஊரே மூழ்கியபோதும் சோதனையை நிறுத்தவில்லை. அதே ஆண்டு நவம்பரில் பினாங்கிலும் வெள்ளம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்ற ஞாபகம் இருப்பதால் அந்தக் குழுவின் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் குடை அந்த அறைக்குப் போகவில்லை. முழு அளவில் விரித்த குடையோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் குளிர வைத்துப் பார்க்க வழியே இல்லை. மேலே போய் விரிந்தால்தான் தெரியும்.

மூடி

ஏரியான் 5 ராக்கெட்டின் மூக்கு 5.4 மீட்டர் அகலம். அதற்குள் 6.5 மீட்டர் கண்ணாடியும், டென்னிஸ் மைதானம் அளவுக் குடையும் போக வேண்டும். கண்ணாடியைப் பக்கவாட்டில் மடித்தார்கள். குடையைப் பட்டுப்புடவை மாதிரி மடித்து, அடுக்குகளின் வழியே 107 இடங்களில் பின் குத்தி அடக்கினார்கள். பின் போவதற்குத் துளை வேண்டும். துளை வழியே வெயில் நுழையக் கூடாது. அதனால் விரித்த பின் ஓர் அடுக்கின் துளையும் அடுத்த அடுக்கின் துளையும் நேருக்கு நேர் வராதபடி கணக்குப் போட்டிருந்தார்கள். மடித்த படலத்துக்குத் தரையிலும் ஏவும்போதும் காவலாக ஒரு போர்வை. மேலே போனதும் அது சுருண்டு ஒதுங்க வேண்டும். பிறகுதான் இரண்டு பக்கக் கைகளும் நீண்டு குடையை இழுக்கும்.

ஸ்க்ரூக்கள் கழன்றது இந்தப் போர்வையில்தான். தம்பியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தாளைவிட மெல்லிய படலத்தின் மடிப்புக்குள் ஓர் உலோகத் துண்டு கிடந்தால் கிழிக்கும். சுருள வேண்டிய மூடி எங்காவது சிக்கினால் குடை விரியாது. குடை விரியாவிட்டால் குளிர் இல்லை. குளிர் இல்லாவிட்டால் ஆயிரம் கோடி டாலர் பொருள் தன் சூட்டைத் தானே படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஹப்பிளுக்குப் போனதுபோல் அங்கே போய்ச் சரி செய்யவும் முடியாது. ‘இது ஒன்று தவறினால் எல்லாம் போச்சு’ என்ற இடங்கள் வெப்பில் 344 என்று எண்ணியிருந்தார்கள்.

காரணம்? சோதனைக்கு முன் சரியாக இறுக்கப்படவில்லை. அதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. குழு இதை மனிதத் தவறு என்ற கணக்கில் சேர்த்தது. எங்கள் தொழிலில் அந்த வார்த்தையை எழுதிவிட்டால் கோப்பை மூடிவிடலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு.

பல வருடத்துக்கு முன்னால், வேறோர் ஆலையில், ஷேக்கர் மேடையில் ஒரு சாம்பிளைப் பொருத்திக்கொண்டிருந்தேன். நான்கு போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி விட்டிருந்தேன். சென்சார் வயர் அடியில் நுழைய வேண்டும், நுழைத்த பிறகு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரென்ச் போட்டுக்கொள்ளலாம் என்று. தைப்பூசத்துக்கு முந்தின நாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற அவசரம். ஷிஃப்ட் மாறும் தாளில் ‘போல்ட் பொருத்தியாயிற்றா’ என்று ஒரு கட்டம் இருந்தது. பொருத்தியாயிற்று, பொய் இல்லை. டிக் போட்டேன். இரவு ஷிஃப்டில் வந்த அண்ணன் டிக்கைப் பார்த்தார், மேடையை ஓட்டினார். ஒரே சீராக வரும் ரீங்காரத்துக்கு நடுவே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னார். நிறுத்துவதற்குள் சாம்பிளின் கனெக்டர் வெடித்துவிட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அறிக்கையில் ‘ஊழியர் கவனக்குறைவு’. தாளில் இருந்த கேள்வியை யாரும் மாற்றவில்லை. நான் அந்த ஆலையை விட்டு வரும்வரை அதே கட்டம்தான்.

டாம் யங் குழு அங்கே நிற்கவில்லை என்பதால்தான் இந்த நிகழ்வை எடுத்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட பரிந்துரைகள் கொடுத்தார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று: வெளியே தெரிந்த தவறுகளைச் சரி செய்வதோடு விடாமல், இதே மாதிரி உள்ளே ஒளிந்திருப்பவை இன்னும் எத்தனை என்று தேடச் சொன்னார்கள். மூன்று பிழை கண்ணில் பட்டால் படாதவையும் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது. செலவும் நாளும் ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு.

புத்தாண்டுக் காலை

2021 டிசம்பர் 25, நம் நேரம் இரவு 8.20-க்குப் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து வெப் கிளம்பியது. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போன வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏவுதலைவிட அடுத்த வாரம்தான் எனக்கு முக்கியம் என்று சொன்னால் அவளுக்குப் புரியவில்லை.

டிசம்பர் 31 அன்று மூடி சுருள வேண்டும், பக்கக் கைகள் நீள வேண்டும். மூடி முழுதாகச் சுருண்டதும் அழுந்த வேண்டிய ஸ்விட்ச்கள் அழுந்தவில்லை. அதே மூடி. வெப்பில் விரிவதைக் காட்டும் கேமரா கிடையாது. எட்டிப் பார்க்க வழி இல்லை.

கட்டுப்பாட்டு அறை நிறுத்தியது. மற்ற அளவீடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வெப்பச் சென்சாரின் எண்ணில் மாற்றம் இருந்தது. மூடி நகர்ந்து அதன் மேல் வெயில் விழாமல் மறைத்திருக்கிறது என்பதற்குப் பொருந்தும் மாற்றம். மூடியை விடுவிக்கும்போது கலம் எவ்வளவு அசைய வேண்டுமோ அவ்வளவு அசைந்ததாக, அசைவை அளக்கும் ஜைரோக்களும் காட்டின. ஸ்விட்ச் டிக் போடவில்லை, ஆனால் சூடும் அசைவும் ஒரே கதையைச் சொன்னதால் மேலே போனார்கள். முதல் கை நீண்டு முடிந்தபோது இங்கே புத்தாண்டு விடிந்துகொண்டிருந்தது. ஜனவரி 4-ல் ஐந்து அடுக்கும் விறைப்பாக நின்றன. 8-ல் கண்ணாடி விரிந்து முடிந்தது. ஜூலை 12-ல் முதல் படங்கள் முழுத் தொகுப்பாக வந்தன.

ரொட்டி சானாய்க் கடையில் இந்த இடத்துக்கு வந்தபோது தே தாரிக் ஆறிப்போயிருந்தது. தம்பி கேட்டான்: “ஸ்விட்ச் அழுந்தியிருந்தா மத்ததைப் பார்த்திருப்பாங்களாண்ணே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் எங்கள் ஷிஃப்ட் தாளை எடுத்து, ‘போல்ட்’ என்ற கட்டத்தை அழித்துவிட்டு இரண்டு வரி போட்டோம். ஒன்றில் எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கினோம் என்ற எண். இன்னொன்றில், போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் இழுத்த கோட்டின் நிறம். காலை ஷிஃப்டுக்கு மஞ்சள், இரவுக்குச் சிவப்பு. இரண்டு நிறக் கோடும் இல்லாமல் மேடை ஓடாது. மார்க்கர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று ஸ்டோரிலிருந்து புகார் வந்திருக்கிறது.